மாட்டுக்கு இல்லாத எலும்பு

கணபதி ஏரியாவில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவிக்காரர்கள் முதல்முதலாக ஒயர் இழுத்த வருசம் அது. வருசத்தின் நம்பர் எனக்கு நினைவில்லை, ஒயர்தான் நினைவிருக்கிறது. தொண்ணூறு பிறந்து இரண்டு மூன்று வருசம் ஆகியிருக்கும். மாடிக்கு மாடி கறுப்பு ஒயர் தொங்கும். வெட்டிப் போட்ட துண்டுகள் சாக்கடை ஓரமெல்லாம் கிடக்கும். மேல்தோலை உரித்தால் உள்ளே பளபளவென்று செப்புக் கம்பி. எலும்பு கோக்கிறவனுக்கு அப்படி ஒரு கம்பி லேசில் கிடைக்காது. மஞ்சள் பை நிறையப் பொறுக்கி வைத்தேன். அந்தக் கம்பியில் ஒரு சாண் என் மானத்தை வாங்கியது. அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் மியூசியம் வேலைக்குப் புதிது. நான் பள்ளிக்கூடம் பார்த்தவன் இல்லை, கையெழுத்து மட்டும் போடுவேன். இதே கல்லூரியில் விலங்கியல் துறையில் அட்டெண்டராக இருந்து எலும்புக்கூடு நிறுத்தியே காலத்தை ஓட்டினவன். எலும்பை எப்படி வேகவைப்பது, கொழுப்பை எப்படி எடுப்பது, எந்த ஊசியில் துளை போடுவது என்பதெல்லாம் நாலு நாளில் உங்களுக்குக் கை பழகிவிடும். அதை நான் சொல்லப் போவதில்லை.

முதலில் ஒரு நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் நிறுத்திய முதல் எலும்புக்கூடு அது. நாலு காலையும் மேசைக்கால் மாதிரி நேராக நிறுத்திப் பெருமையாக நின்றேன். ஒரு வாத்தியார் வந்து சுற்றிப் பார்த்தார்.

"ஏப்பா, இதுமேல தட்டத்தை வெச்சுச் சாப்புடலாமாட்ட இருக்குதே."

எனக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் ஒரு வாரம் தெருநாய்களின் பின்னாலேயே அலைந்தேன். ஒரு கிழ நாய் என்னைத் திருடன் என்று நினைத்துத் துரத்தியது. அது துரத்தியதில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஓடுகிறபோது திரும்பிப் பார்த்தேன். நாய் குதிகாலை மண்ணில் வைப்பதே இல்லை. விரலில்தான் ஓடுகிறது. பின்னங்காலில் பின்பக்கமாக மடிகிறதே, முட்டி திரும்பி இருக்கிறது என்கிறோமே, அது முட்டியே இல்லை, கணுக்கால். முட்டி மேலே வயிற்றோரம் ஒளிந்திருக்கிறது. கால் முழுக்க வளைத்துப் பிடித்த வில் மாதிரி இருக்கிறது. அன்று கடி வாங்காமல் வந்து எல்லாக் கம்பியையும் அவிழ்த்து, நாயைத் திரும்ப நிறுத்தினேன். நிற்கிற எலும்பிலும் ஓட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது விறகு.

இனி மாட்டுக்கு வருகிறேன்.

தாராபுரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்தில் காங்கேயம் காளை ஒன்று செத்துப் புதைத்திருந்தார்கள். ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் ஓடிய காளை. அந்தத் தோட்டத்துக் கவுண்டர் நல்ல மனுசர். காலேஜுக்கு என்றதும் தோண்டி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மண்வெட்டியால் கொத்தக் கூடாது என்று கையாலேயே மண்ணைத் தள்ளினேன். வாலின் நுனி எலும்பு, நிலக்கடலை அளவு இருக்கும், அதுவரைக்கும் சல்லடையில் சலித்து எடுத்தேன். வேட்டியை விரித்து, உயிரோடு எப்படி இருந்ததோ அப்படியே எலும்பை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. இதை நீங்கள் மறக்கக் கூடாது. ஒன்றும் குறையவில்லை.

நாலு சாக்கு மூட்டையோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் மூட்டையை உதைத்துப் பார்த்தார்.

"என்னுங்க இதுல?"

"மாடுங்க."

"மாடா? எங்க காணோம்?"

"சாக்குக்குள்ள இருக்குதுங்க. செத்துப்போன மாடு."

"உசுரோட இருந்தா எறக்கி உட்டிருப்பேன். செத்ததுக்கு லக்கேஜ் போட்டாப் போதும். காலை மட்டும் நீட்டாமப் பாத்துக்கச் சொல்லுங்க."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்று மாதத்தில் காளையை நிறுத்தினேன். அதில் ஒரு கஷ்டம் உண்டு. மாட்டின் பின்னங்கால் இடுப்பெலும்பில் குழிக்குள் பந்து மாதிரி உட்காரும். முன்னங்கால் அப்படி இல்லை. தோளில் முறம் மாதிரி அகலமாக இருக்கிற சப்பை எலும்பு எந்த எலும்போடும் சேராது. சும்மா விலாவின் மேல் படுத்திருக்கும். சதைதான் பிடித்துக்கொள்கிறது. சதை போய்விட்டால் கால் கீழே விழுந்துவிடும். அதனால் சப்பைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டு வைத்துத்தான் நிறுத்த வேண்டும். நான் எந்த இரும்பு வைத்தாலும் அதற்குக் கறுப்பு பெயிண்ட் அடிப்பேன். இது மாடு, இது நான் வைத்தது என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கே அப்படிச் செய்யத் தோன்றியது.

காளையை நிறுத்திய அடுத்த மாதம் ஆபீசிலிருந்து பொருள் சரிபார்க்க ஆள் வந்தார்கள். அவர்கள் கையில் எலும்புகளின் பெயர் எழுதிய ஒரு பட்டியல். எந்தப் பட்டியல் தெரியுமா? பக்கத்து அலமாரியில் மனுசன் எலும்புக்கூடு ஒன்று தொங்கியது. அதற்குப் போட்ட பட்டியலையே மாட்டுக்கும் நகல் எடுத்து வந்திருந்தார்கள். தலை இருக்கிறதா, இருக்கிறது. விலா இருக்கிறதா, இருக்கிறது. காறை எலும்பு இரண்டு? கழுத்துக்குக் கீழே நெஞ்சிலிருந்து தோளுக்குப் போகுமே, அந்த எலும்பு. உங்கள் சட்டைக் காலருக்கு அடியில் தடவிப் பாருங்கள், இருக்கும். மாட்டுக்குக் கிடையாது. அவர்கள் எழுதினார்கள்: காறை எலும்பு இரண்டு, காணவில்லை.

வேலை இன்னும் நிரந்தரம் ஆகாத காலம். ஃபைல் அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் படித்தது பூச்சி. பூச்சியில் பெரிய ஆள் என்று சொல்லிக்கொள்வார்கள். பூச்சிக்கு எலும்பே கிடையாது.

"எங்கப்பா அந்த ரெண்டு எலும்பு?"

"மாட்டுக்கு அது கெடையாதுங்க சார்."

"நீ எத்தனாவது படிச்சே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லு. எத்தனாவது?"

"படிக்கலீங்க சார்."

"அப்பறம் என்ன? தொலைச்சியா வித்தியா எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டும் அங்க இருக்கோணும். இல்லீன்னா உன்ற ஃபைலு என்ற மேசைய உட்டு நகராது."

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. எழுந்து வந்து காளையைத் தடவிப் பார்க்க எத்தனை அடி நடக்க வேண்டும்? பதினைந்து அடி. அதே துறையில் மாட்டுக்கு அந்த எலும்பு கிடையாது என்று தெரிந்த வாத்தியார்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என்னிடம் தனியாக, "நீ சொல்றது சரிதான்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். காதில் சொல்வதற்கா படித்தார்கள்?

உக்கடத்தில் மாட்டுக்கறிக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். என் வயசுதான் அவருக்கும். மூட்டுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கடையில் நின்று பார்த்தது. அவர் கத்தி எலும்பில் பட்டுச் சத்தம் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரிடம் போய் எருமை விலா இரண்டு கேட்டேன்.

"எதுக்கு காலேஜுக்காரரே? சூப்புக்கா?"

விசயத்தைச் சொன்னேன். அவர் கத்தியைக் கட்டையில் குத்தி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாட்டுக்குக் காறை எலும்பு வெக்கப் போறீங்களா? அப்படியே ரெண்டு றெக்கையும் வெச்சுருங்களேன், பறக்கட்டும்."

"கிண்டல் பண்ணாதீங்க பாய். வேலை போயிரும்."

"இங்க வாங்க." தொங்கிக்கொண்டிருந்த எருமையின் முன்னங்காலை ஒரு கையில் தூக்கிப் பிடித்தார். இன்னொரு கையில் சின்னக் கத்தி. அக்குளுக்குள் நுழைத்து நாலு இழுப்பு இழுத்தார். கால் முழுசாகக் கழன்று அவர் கைக்கு வந்துவிட்டது. "எங்கியாச்சும் டக்குன்னு சத்தம் கேட்டுதா? கேக்காது. முன்னங்காலை எடுக்கறதுக்குக் கத்தி எலும்பைப் பாக்கவே வேண்டாம். பின்னங்காலை எடுத்துப் பாருங்க, குழிக்குள்ள பந்தைக் கழட்டாம வராது."

"அது ஏன் பாய் அப்படி வெச்சிருக்குது?"

"மாடு தாவி விழுந்தா எதுல விழுகுது? முன்னங்கால்ல. அத்தனை கனத்தையும் சதை தொட்டில் கட்டுனாப்ல ரெண்டு சப்பைக்கும் நடுவுல தாங்குது. அங்க ஒரு எலும்பு இருந்தா மொதத் தாவுலயே முறிஞ்சிரும். நமக்கு, கொரங்குக்கு வேணும். கையை அக்கட்ட இக்கட்ட வீசோணும், கொப்பைப் புடிச்சுத் தொங்கோணும், புள்ளையக் கட்டிப் புடிக்கோணும். மாடு யாரைக் கட்டிப் புடிக்கப் போகுது?" இரண்டு விலாவைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார். "படைச்சவன் காலியா உட்ட எடத்தை நீங்க அடைக்கப் போறீங்க. ம், கொண்டு போங்க. நான் குடுத்தேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. என்ற கடைப் பேரு கெட்டுரும்."

வீட்டில் உட்கார்ந்து அரம் போட்டேன். மனுசன் எலும்பைப் பார்த்துப் பார்த்து அந்த வளைவைக் கொண்டுவந்தேன். புது எலும்பு வெள்ளையாக இருந்தது. காளையின் எலும்பு பழுத்த நிறம். டீத்தூள் கொதிக்க வைத்து அதில் ஊறப் போட்டேன். இரண்டு நாளில் ஒரே நிறம் ஆகிவிட்டது. துளை போட்டு, பையில் கிடந்த கேபிள் ஒயர் கம்பியால் கட்டினேன். வெள்ளிக்கிழமை காலை துறைத் தலைவர் வந்து பார்த்தார். "இப்ப எங்கிருந்து வந்துது?" என்றார், சிரித்துக்கொண்டே. திருடனைப் பிடித்துவிட்ட சிரிப்பு.

இரும்புக்குக் கறுப்பு பெயிண்ட் அடிக்கிறவன் நான். அந்த எலும்புக்கு டீத்தூள் போட்டேன். எவனுக்கும் தெரியக் கூடாது என்று என் கையில் இருந்த வித்தை முழுவதையும் போட்டேன். அவர்கள் சொன்னதைச் செய்தேன், சரி. இவ்வளவு அழகாகச் செய்யச் சொல்லி யாராவது சொன்னார்களா? துறைத் தலைவரைத் திட்டி முடித்ததும் நான் என்னைத் திட்டுவது இதற்காகத்தான்.

என் ஃபைல் நகர்ந்தது. வேலை நிரந்தரம் ஆனது. காளை கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நின்றது. வருசா வருசம் பிள்ளைகள் வந்து நோட்டில் வரைந்தார்கள், என் எருமை விலாவையும் சேர்த்து. கீழே பெயர் எழுதி அம்புக்குறி போட்டார்கள். வாத்தியார்கள் சிவப்பு மையில் சரி போட்டார்கள். நான் தூசி தட்டினேன்.

மூன்று நாலு வருசம் போயிருக்கும். மகேஸ்வரி என்று ஒரு பிள்ளை. தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, மூன்றாம் வருசம். எல்லோரும் வரைந்துவிட்டுப் போன பிறகும் காளைக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்கும். ஒருநாள் என்னிடம் வந்தது.

"ஏனுங்கண்ணா, மத்த எடமெல்லாம் வெள்ளிக்கம்பியாட்ட கட்டியிருக்குதுங்க. இந்த ரெண்டுக்கு மட்டும் செப்புக் கம்பி, பச்சை பூத்துக் கெடக்குது. ஏனுங்க?"

"கம்பி தீந்து போச்சு அம்மணி."

"இந்த எலும்பு நெசமாலுமே மாட்டோடதுங்களா?"

"பின்ன யாரோடது? படிச்சவங்க பேரு எழுதி வெச்சிருக்காங்கல்ல? அதைப் பாத்து வரைஞ்சுட்டுப் போ கண்ணு."

அது போய்விட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தது. "கன்னுக்குட்டியப் புடிச்சுத் தடவிப் பாத்தேனுங்கண்ணா. கழுத்துக்கும் சப்பைக்கும் நடுவுல கையே உள்ள போகுதுங்க. அங்க எலும்பே இல்லீங்க."

"கன்னுக்குட்டிக்கு இன்னும் மொளைக்காம இருக்கும்."

இப்படியும் ஒரு பொய் சொன்னேன். பல்லா அது, முளைப்பதற்கு? அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "அம்மா மாட்டையும் பாத்தேனுங்க" என்றது.

"பரிச்சையில இருக்கறதை எழுதிப்போட்டுப் போ சாமி. உனக்கு மேல்படிப்புக்கு சீட்டு வெச்சிருக்காங்கன்னு சொன்னியே."

"ஆமாங்க. இதுல ஒண்ணுல போச்சுன்னாலும் அந்த சீட்டு இல்லீங்க."

"அப்பறம் என்ன?"

நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டது.

செய்முறைப் பரிச்சை நாள். வெளியூரிலிருந்து பரிச்சை எடுக்க ஒருத்தர் வந்திருந்தார். எலும்பில் நம்பர் போட்ட காகிதக் கொடியை ஒட்டி வைப்பார்கள். அது என்ன எலும்பு, அதற்கு என்ன வேலை என்று பிள்ளைகள் எழுத வேண்டும். துறைத் தலைவர் என்னிடம் கொடிகளைக் கொடுத்தார். காளையில் ஒட்ட வேண்டியது ஏழாம் நம்பர். எங்கே என்று கேட்டேன். "அந்தக் காறை எலும்புலதாம்ப்பா, நல்லாத் தெரியுது பாரு" என்றார். நான் என் கையாலேயே ஒட்டினேன்.

முப்பது பேர் எழுதினார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேர்முகமாகக் கேள்வி. மகேஸ்வரியின் தாளைப் பார்த்ததும் வெளியூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"ஏழு. இது மாட்டின் எலும்பு அல்ல. வேறொரு பிராணியின் விலா எலும்பை அரத்தால் ராவிச் செய்தது. ஓடும் பிராணிக்கு இந்த இடத்தில் எலும்பு இருக்காது." தாளைக் கீழே வைத்தார். "என்னம்மா, காலேஜ் பொருளையே போலின்னு எழுதியிருக்கே?"

"ஆமாங்க சார். அரம் போட்ட தடம் தெரியுதுங்க."

"அப்ப இது யாரோட எலும்பு? உன்னோடதா?"

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். துறைத் தலைவர் முகம் கறுத்துப்போனது. "தோட்டத்துல மாடு மேய்ச்சுட்டு வந்தா இப்படித்தானுங்க சார். அந்தத் தாளை அவகிட்டயே குடுங்க, திருத்திக் குடுக்கட்டும். தப்புன்னு ஒத்துக்கிட்டா மார்க் போட்டுரலாம். இல்லீன்னா நேர்முகத்துல பூச்சியம் போட்டு அனுப்புங்க."

வெளியூர்க்காரர் தாளை நீட்டினார். மகேஸ்வரி வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டது.

"தப்பா எழுதியிருந்தா நூறு தடவை மன்னிப்புக் கேப்பேனுங்க சார். சரியா எழுதுனதுக்கு எப்படிங்க கேக்கறது?"

நான் கொடிகள் கொண்டுவந்த தட்டை ஏந்திக்கொண்டு மூலையில் நிற்கிறேன். சட்டைப் பையில் குறடு இருக்கிறது. அந்த நேரத்தில் மனசுக்குள் என்னென்ன ஓடியது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. என்னை எத்தனாவது படித்தாய் என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்தேன். இந்தப் பிள்ளை குனியாமல் நிற்கிறதே என்று மட்டும் தோன்றியது. வெளியூர்க்காரர் பேனா மூடியைத் திறந்தார். அந்தப் பேனா தாளைத் தொட்டுவிட்டால் அப்புறம் யார் என்ன சொன்னாலும் அழியாது. இங்கே வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு அது தெரியும். பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

தட்டைக் கீழே வைத்தேன். நேராகக் காளையிடம் போய்ச் செப்புக் கம்பியைக் குறட்டால் நறுக்கினேன். இரண்டு பக்கமும். இரண்டு எலும்பும் கையில் வந்தன. காளை அசையவில்லை. கவனியுங்கள், ஒரு இம்மிகூட அசையவில்லை. அதைத் தாங்குகிற எலும்பாக இருந்தால் அசைந்திருக்க வேண்டாமா?

"எருமை விலாவுங்க சார். உக்கடத்துல வாங்குனது. நாந்தான் அரம் போட்டேன், டீத்தண்ணியில ஊற வெச்சேன். அந்தப் புள்ள எழுதுனதுதானுங்க நெசம்."

துறைத் தலைவர் எழுந்துவிட்டார். "குடிச்சுப்போட்டு வந்திருக்கான் சார் இவன்!"

"ஊதிக் காட்டட்டுங்களா சார்?" என்றேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது அந்த வார்த்தை.

வெளியூர்க்காரர் எலும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளையைப் பார்த்தார், அரம் போட்ட தடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். அதைத்தான் நான் சாகிறவரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

"மாட்டுக்குக் காறை எலும்பு இல்லேன்னு எனக்கும் தெரியும்ப்பா. ஆனா எலும்புக்கூட்டுல மாட்டி வெச்சிருக்கே. விடைக் குறிப்புல துறைத் தலைவரும் அப்படித்தானே எழுதிக் குடுத்திருக்காரு. நான் என்ன பண்றது?"

தெரியுமாம்! தெரிந்துகொண்டுதான் அந்தப் பிள்ளையை, அது உன்னுடைய எலும்பா என்று கேட்டார். தெரியாதவனைக்கூட விட்டுவிடலாம். அவன் பட்டியலைப் பிடித்துத் தொங்குவான், பாவம். தெரிந்தவன் எதற்காகத் தொங்க வேண்டும்? அதற்குத்தான் அவனுக்குக் காறை எலும்பைக் கொடுத்து வைத்திருக்கிறதா?

இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்கள். வெளியே வந்து, ஏழாம் நம்பர் கேள்வி ரத்து என்றார்கள். யாருக்கும் அதில் மார்க் இல்லை, யாருக்கும் போகவும் இல்லை. நேர்முகத்தில் அந்தப் பிள்ளைக்குப் பூச்சியம் போடவில்லை. பாஸ் ஆகிவிட்டது. சீட்டும் போகவில்லை. அந்த மட்டில் சரி. ஆனால் பாருங்கள், தப்பாக எழுதின இருபத்தொன்பது பேரும், சரியாக எழுதின ஒருத்தியும் ஒன்று என்று ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பெயர் நியாயமாம்.

உக்கடத்துப் பாயிடம் இதைச் சொன்னபோது அவர், "என்ற கடையில ஒருத்தன் இப்படிக் கறி நிறுத்தான்னா தராசைப் புடுங்கி அவன் தலையிலயே போடுவேன்" என்றார். கத்தியைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டையும் வெட்டிப்போட்டீங்களா? நல்ல காரியம்" என்றார். அன்றைக்கு டீ அவர் செலவு.

எனக்கு மெமோ வந்தது. வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். போலி எலும்பு வைத்ததற்கு இல்லை. கல்லூரியின் மாதிரிப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு! அதோடு, எடுத்த எலும்பைப் பழையபடி பொருத்த வேண்டும் என்று ஒரு உத்தரவு. துறைத் தலைவரிடம் போய், "என்ற கையில ஆகாதுங்க சார். படிச்சவங்க யாரையாச்சும் வெச்சு மாட்டிக்குங்க" என்றேன். எலும்பில் துளை போட அந்தத் துறையில் வேறு ஒருவருக்கும் தெரியாது. காளை அப்படியே நின்றது. என்னை விடுதித் தோட்டத்துக்குத் தண்ணீர் விட அனுப்பினார்கள். துறைத் தலைவர் ஓய்வு பெற்றுப் போகும் வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

மகேஸ்வரி ஊருக்குப் போகிற அன்று என்னைத் தேடித் தோட்டத்துக்கு வந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறது என்று நினைத்து நான் ஓஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு கேக்கோணுமுங்கண்ணா. கோவிச்சுக்காதீங்க."

"கேளு கண்ணு."

"நான் மொதல்ல கேட்டப்பவே ஏனுங்க நெசத்தைச் சொல்லலை?"

"பயந்தான் அம்மணி. வேலை நெரந்தரம் ஆகோணுமேன்னு அவங்க சொன்னதைச் செஞ்சுபோட்டேன். நாலு வாய் சோத்துப் பொழப்பு."

அந்தப் பிள்ளை குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை, கணக்குப் புரியாத மாதிரி கேட்டது.

"நான் கேட்டப்ப நெரந்தரமாயித்தானுங்களே இருந்தீங்க?"

தண்ணீர் வாய்க்காலைத் தாண்டிப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து ஓஸ் பைப்பை எடுத்தேன். "வாரேனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. துறைத் தலைவரையும் வெளியூர்க்காரரையும் காதில் சொன்ன இரண்டு வாத்தியார்களையும் திட்டிக்கொண்டே வருகிறேன். கடைசியில் எப்போதும் அந்தப் பிள்ளையின் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறேன். முதல் தடவை, எலும்பை மாட்டினபோது, எனக்குப் பயம் இருந்தது. இரண்டாம் தடவை கம்பி தீர்ந்துபோனது என்றபோது, மூன்றாம் தடவை கன்னுக்குட்டிக்கு முளைக்கும் என்றபோது எனக்கு என்ன இருந்தது?

இரண்டு எலும்பில் ஒன்று மெமோவோடு ஃபைலுக்குள் போய்விட்டது. இன்னொன்று இதோ, இந்தத் துணிக்குள். கையில் வாங்கிப் பாருங்கள். அரம் போட்ட தடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதே, அது எங்கள் தெருக் கேபிள் ஒயர்.

இதை இனி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மியூசியச் சாவிக்கொத்து தொங்குகிற ஆணியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். என்றைக்காவது ஒருத்தர் பட்டியலோடு வந்து, இங்கே ஒரு எலும்பு குறைகிறது என்று சொன்னால் அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, இன்னும் இங்கே நிற்கிற அந்தக் காளையின் நெஞ்சில் காலி இடத்தைக் காட்டுங்கள். இந்த இடம் காலியாக இருப்பதால்தான் இது ஓடியது என்று சொல்லுங்கள். எத்தனாவது படித்தாய் என்று கேட்டாலும் சொல்லுங்கள். நீங்கள் வேலையை விட்டுப் போகிற அன்று, சாவியை யாரிடம் கொடுக்கிறீர்களோ அவரையும் இப்படி உட்கார வைத்து, நான் சொன்ன மூன்று பொய்யையும் ஒன்று விடாமல் சொல்லி, இந்த எலும்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.